இடது கைக்கு ஏற்ற ஆள்

"நாலு மணிக்கு எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு போயிடுங்க, சார்."

மணி அப்போது பதினொன்றேகால். தர்மபுரியில் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் ஆபீஸுக்கு ஞாயிற்றுக்கிழமையில் யாரும் வருவதில்லை. மற்ற கிழமைகளில் மட்டும் வந்து குவிகிறார்களா என்று கேட்டு என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதீர்கள். வருகிறவர்களும் மாட்டைக் காணோம், மருமகனைக் காணோம் என்றுதான் வருவார்கள். இன்ன நேரத்துக்கு இன்ன உறுப்பு போகப்போகிறது என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றது இதுதான் முதல் தடவை.

என் முதலாளி குப்புராஜ் பேப்பரை மடித்து வைத்தார். பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம் பிடித்தவர். யார் என்ன சொன்னாலும் முதல் ஐந்து நிமிஷம் நம்பமாட்டார். நான் பச்சியப்பன், அவருடைய உதவியாளன். டீ வாங்கி வருவதும், பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பதும், வாயை மூடு என்றால் மூடாமலிருப்பதும் என் உத்தியோகம்.

"உட்காருங்கம்மா. பேரு?"

"ஞானமேரிங்க. மொரப்பூரு. காலைப் பூசை முடிஞ்சதும் பஸ் ஏறிட்டேன்." உட்காராமலே மடியிலிருந்து ஒரு போஸ்டரை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

'பாலக்கோட்டில் மாபெரும் குத்துச்சண்டை! டி.வி. படப்பிடிப்புடன்! தோல்வியே அறியாத கோலார் டெரிக்குடன் மொரப்பூர் சிங்கம் சின்னப்பராஜ் மோதுகிறார்! சம எடை, தலா 72 கிலோ! ஞாயிறு மாலை 4 மணி.'

"சிங்கம் யாரு, உங்க வூட்டுக்காரரா?"

"ரயில்வே ஸ்டேசன்ல பார்சல் தூக்கறாருங்க. மில்டரில இருந்தப்ப பாக்சிங் போட்டாரு. வயசு முப்பத்தாறாச்சு. போன வருசம் சேலத்து டாக்டரு சொல்லிட்டாருங்க, ரெண்டு கண்ணுலயும் உள்சவ்வு நைஞ்சு போச்சு, இன்னொரு குத்து வாங்கினா பார்வை போயிடும்னு. மாதா முன்னாடி சத்தியம் பண்ணாருங்க, கிளவுசைத் தொடமாட்டேன்னு. மூணு நாளா வூட்டுக்கு வரலை. நேத்து இந்த நோட்டீசு ஸ்டேசன் செவுத்துல ஒட்டியிருக்குது."

டாக்டர் கடிதத்தையும் எடுத்து வைத்தாள்.

"பாலக்கோட்டுல தேடினீங்களா?"

"நேத்துப் பூரா தேடினேன். லாட்ஜுல இல்லை. கிரவுண்டுல இன்னிக்கு நாலு மணிக்குத்தான் வருவாருன்னு சொல்லி வெரட்டிட்டாங்க. அவரு கெடைச்சா காலப் புடிச்சாவது கூட்டியாந்துடுவேங்க. எங்க வெச்சிருக்காங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

"அவர் விட்டுட்டுப் போன சாமானுல ஏதாவது இருந்ததா?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். "துவைக்கப் போட்ட சட்டையில இது இருந்துச்சுங்க. தக்காளி மண்டிச் சீட்டு. எங்களுக்கு ஒரு தக்காளிச் செடிகூட இல்லீங்க."

குப்புராஜின் தோள்வழியே எட்டிப் பார்த்தேன். 'ஆர். ராஜாமணி தக்காளி மண்டி, பாலக்கோடு. கூடை 1. எடை 74. கழிவு 2. நிகரம் 72.'

"ஒரே கூடை எழுபத்திநாலு கிலோவா?" என்றேன். "இந்தக் கூடையைத் தூக்கறவனைத்தான் சார் குத்துச்சண்டைக்கு அனுப்பணும்!"

குப்புராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தூக்கறவன் இல்லடா. கூடையே அவன்தான்."

"என்னது?"

"போஸ்டரைப் பாரு. எழுபத்திரெண்டு கிலோ. எடை பாக்க வேற மெஷின் இல்லாம மண்டித் தராசுல ஆளை ஏத்தியிருக்காங்க. எடை போட்டவன் வழக்கம்போலக் கூடைக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சுட்டான். ஆளை எடை போட்ட இடத்துலதான் ஆளும் இருப்பான். எந்திரி, பன்னெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். வழியில் ஒரு டிராக்டர் குறுக்கே நின்று இருபது நிமிஷம் தின்றது. கண்டக்டரிடம் மூன்று தடவை மணி கேட்டாள். மூன்றாவது தடவை அந்த மனுஷன் கைக்கடிகாரத்தையே கழற்றி அவளிடம் காட்டினான். பாலக்கோட்டில் இறங்கும்போது ஒன்றே முக்கால்.

மண்டியில் அன்றைய ஏலம் முடிந்திருந்தது. தராசுக்குப் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சோறு தின்றுகொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். என் தொடை அளவுக்கு அவனுக்குக் கை. எடை போடுகிற மாயவன் என்று சொல்லிக்கொண்டு சிரித்தான். எதற்கும் சிரிக்கிற முகம் அது.

குப்புராஜ் சீட்டை நீட்டினார். "இது உன் கையெழுத்தா?"

"ஆமாங்க. மொதலாளிதான் ஆளுங்களை ஏத்தி எடை போடச் சொன்னாருங்க. இந்தச் சண்டை வெக்கறது அவருதானுங்களே. ராஜாமணின்னா இங்க எல்லாருக்கும் தெரியும்."

"கோலார்க்காரன் எத்தனை கிலோ?"

"எம்பத்திரெண்டுங்க."

"போஸ்டர்ல எழுபத்திரெண்டு போட்டிருக்கு?"

மாயவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "கூடைக்கு ரெண்டு கழிச்சனுங்களா? அப்புறம் அந்தத் தம்பி ஓடிட்டு வந்து, வேர்த்துத் தொப்பலா நனைஞ்சு நின்னுச்சு. மழையில நனைஞ்ச சரக்குக்கு எட்டுக் கிலோ கழிக்கறது இங்க வழக்கமுங்க. கை தானா எழுதிடுச்சு. தப்பாச்சேன்னு மொதலாளிகிட்ட ஓடினேன். 'விடுடா, ரெண்டும் ஒண்ணா ஒத்து வருது, அப்பிடியே இருக்கட்டும்'னுட்டாரு."

"வேர்வைக்கு எட்டுக் கிலோவா?" என்றேன். "சித்திரை மாசத்துல என்னை எடை போட்டா நீதான் எனக்குப் பாக்கி தரணும்போல!"

ஞானமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்கேண்ணா அவரு? எங்க அடைச்சு வெச்சிருக்கீங்க?"

மாயவன் சோற்றை மூடினான். "அடைச்சு வெக்கலைங்கக்கா. மச்சுல இருக்காரு. கதவு தொறந்துதான் கெடக்குது. அவருதான் யாரையும் விடாதேன்னு சொன்னாரு."

அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். படியேறினோம்.

காலிக் கூடைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சின்னப்பராஜ் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். நல்ல உயரம், ஒட்டிய வயிறு, உடைந்து ஒட்டிய மூக்கு. மனைவியைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"இங்க எதுக்கு வந்தே? போ வூட்டுக்கு."

"சத்தியம் பண்ணீங்களே!"

"பண்ணேன். அதுக்கென்ன இப்ப?"

"ரெண்டு கண்ணும் போயிடும்னு டாக்டரு சொன்னாரே! கால்ல விழறேங்க, வந்துடுங்க." நிஜமாகவே விழுந்தாள். அவன் அவளைத் தூக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

"இன்னிக்கு ஒரு நாளு, மேரி. அப்புறம் நீ சொல்ற மாதிரி கேக்கறேன்."

பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. எனக்கு மனசு கஷ்டமானால் கோமாளித்தனம்தான் வரும், அது பிறவிக் கோளாறு. கூடையில் கிடந்த ஒரு பழுத்த தக்காளியை எடுத்து, "பிடிங்க அண்ணே, அக்கா அழுகையை நிறுத்தறதுக்குள்ள ஒண்ணு தின்னுங்க!" என்று அவன் வலது பக்கத்திலிருந்து லேசாக வீசினேன்.

தக்காளி அவன் கன்னத்தில் பட்டுத் தெறித்தது.

அதற்கப்புறம்தான் அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். உடனே சிரித்து, "என்னப்பா, சொல்லிட்டு எறிய மாட்டியா?" என்று துடைத்துக்கொண்டான். 'சொல்லிட்டுத்தானே எறிந்தேன்' என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான், அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை. குப்புராஜ் மட்டும் தரையில் கிடந்த தக்காளியையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. சின்னப்பராஜ் மனைவியைத் தாண்டிப் படியிறங்கிப் போனான். இறங்கும்போது கதவு நிலையில் வலது தோள் இடித்தது.

மைதானத்துக்கு நாங்கள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது மூன்றேகால். சர்க்கரை ஆலைக்குப் போகிற சாலையோரம், நாலு மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். சுற்றிலும் இரண்டாயிரம் பேர். மேடைபோல ஒரு லாரி, அதன்மேல் காமிரா. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கையைக் குவித்துச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பாய்க் கம்பெனியின் புரொடியூசர். வெளிநாட்டு டி.வி.க்களுக்குச் சண்டைகளைப் படம்பிடித்து விற்கிறவர்கள். தமிழ் பேசினார், மெட்ராஸ்காரராம். பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ராஜாமணி.

குப்புராஜ் நேராகப் போய் மாயவன் சொன்ன எடைக் கதையைச் சொன்னார். "எழுபத்திநாலுக்கும் எம்பத்திரெண்டுக்கும் சண்டை. இது சம எடை இல்லை. நிறுத்துங்க."

புரொடியூசர் கோபப்படவே இல்லை. உதவியாளனைக் கூப்பிட்டு, "டைட்டில்ல 'சம எடை'யை எடுத்துட்டு 'எடை வரம்பற்ற போட்டி'ன்னு போடு," என்றார். பிறகு எங்களிடம், "வேற ஏதாவது?"

"ஐயையோ," என்றேன். "இப்படி ஒரு அழிரப்பர் என்கிட்ட இருந்தா என் எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கையே மாத்தியிருப்பேனே!"

குப்புராஜ் டாக்டர் கடிதத்தை நீட்டினார். "இவருக்குக் கண்ணு பலவீனம். தெரியுமா?"

ராஜாமணி சிரித்தார். "தெரியாமலா? அதுக்குத்தானுங்களே கூப்பிட்டோம்."

ஞானமேரி மூச்சை இழுத்தாள்.

"நீங்க விவரமானவர் மாதிரி இருக்கீங்க, சொல்றேன்," என்றார் புரொடியூசர். இட்லிக்கு மாவு அரைப்பதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "டெரிக் பதினோரு சண்டையில தோத்ததில்லை. இன்னொண்ணு ஜெயிச்சா சிங்கப்பூர் டி.வி. ஒரு மணி நேரம் தருது. நாங்க ஜெயிக்கற ஆளை முதல்ல முடிவு பண்ணுவோம். தோக்கற ஆளை அப்புறம் தேடுவோம். டெரிக்குக்கு இடது கை வீச்சுத்தான் பலம். அது எதிராளியோட வலது பக்கம் வந்து விழும். அதனால வலது கண்ணு மங்கலான ஆளாப் பாருங்கன்னு ராஜாமணிகிட்ட சொன்னேன். சீக்கிரம் விழுந்துட்டா விளம்பரத்துக்கு இடமில்லை. ரெண்டு ரவுண்டு நிக்கணும், மூணாவதுல விழணும். மில்டரி ஆள்னா நிப்பான்."

"நீங்கெல்லாம் மனுசங்களா?" என்று ஞானமேரி கத்தினாள். "எங்க தேடிப் புடிச்சீங்க அவரை?"

"நாங்க தேடலை," என்றார் ராஜாமணி. சட்டைப் பையிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்துக் கொடுத்தார். "மில்டரி சிநேகிதன் யாரோ சொல்லி அவனே எழுதினான். 'எனக்கு வலது கண் மங்கல், உங்களுக்குத் தோதாக இருப்பேன்'னு. ஒப்பந்தமும் இருக்குது, பாருங்க. எல்லாம் முறைப்படி."

அவளுக்குப் படிக்கத் தெரியும். இரண்டு தடவை படித்தாள். புருஷனின் கையெழுத்தேதான்.

குப்புராஜ் ஒப்பந்தத்தை வாங்கிப் புரட்டினார். பழைய தொழில் புத்தி, கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். "இந்த ஒன்பதாவது ஷரத்து மட்டும் கையால எழுதிச் சேர்த்திருக்கே? வளையத்துக்குள்ள கண் போனா கம்பெனி நாற்பதாயிரம் தரணும்னு. யார் கேட்டது?"

"அவன்தான். அது இல்லாம கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டான். கம்பெனிக்கு இன்சூரன்ஸ் இருக்குது, நமக்கென்ன நஷ்டம்?"

குப்புராஜின் முகம் சட்டென்று மாறியது. என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சின்னப்பராஜ் உட்கார்ந்திருந்த மூலைக்குப் போனார். ஞானமேரி பின்னாலேயே வந்தாள். குப்புராஜ் அவனுடைய வலது பக்கம் நின்று, கண்ணுக்கு ஒரு சாண் தள்ளி விரல்களைப் படாரென்று விரித்தார். இமை ஆடவில்லை.

"தக்காளி வந்தப்பவே நினைச்சேன்," என்றார் தணிந்த குரலில். "குத்துச்சண்டைக்காரன் கண்ணு எது வந்தாலும் சிமிட்டும். உன் வலது கண்ணு மங்கல் இல்லை. அது போயே போச்சு. எப்ப?"

சின்னப்பராஜ் அக்கம்பக்கம் பார்த்தான். "பொங்கலுக்கு முன்னாடிங்க. பார்சல் பெட்டி ஒண்ணைத் தம் கட்டித் தூக்குனேன். திரை போட்டாப்பல ஆயிடுச்சு. சத்தமாப் பேசாதீங்க சார், கையெடுத்துக் கும்புடறேன். மேரிக்குத் தெரியாது."

அவனுடைய இருட்டான பக்கத்தில், மூன்றடி தூரத்தில், மேரி நின்றுகொண்டிருந்தாள்.

"வூட்டுல போன கண்ணுக்கு யாரு சார் பதில் சொல்லுவா? காமிரா பாக்கறப்ப போனா ஊரே சாட்சி. பார்சல் ஆபீசுல அடுத்த மாசம் கண்ணு டெஸ்ட், வெளிய தள்ளிடுவாங்க. இடது கண்ணுலயும் ஓரத்துல புகையாட்டம் வருதுங்க. அதுவும் போயிட்டா நான் எவ கையப் புடிச்சு நடக்கறது? மேரி யாரு வூட்டுல வேலைக்குப் போறது? மூணு ரவுண்டு, சார். குத்தையெல்லாம் வலது பக்கமே வாங்கிக்கறேன். இடதை மறைச்சுக்கறேன். எனக்கு அது தெரியும் சார்."

பொய் கிளெய்ம் பிடித்தே பதினெட்டு வருஷம் சம்பளம் வாங்கிய மனிதர் அந்த ஒப்பந்தத்தை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். சொன்னால் இவன் குடும்பம் நடுத்தெரு. சொல்லாவிட்டால் எண்பத்திரண்டு கிலோ இடது கை. அந்தக் கைக்கு எந்தக் கண் போனது, எது மிச்சம் என்றெல்லாம் கணக்குத் தெரியுமா?

எங்களுக்குச் சிரமம் வைக்காமல் ஞானமேரி நடந்தாள். லாரிமேல் ஏறினாள். காமிராவுக்கு முன்னால், மைக்கைப் பிடித்திருந்தவனை ஒதுக்கிவிட்டு, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"எம் புருசனுக்கு வலது கண்ணு தெரியாது! பொங்கலுக்கு முன்னாடியே போச்சு! குருடனைப் போட்டு அடிச்சுப் படம் புடிக்கறாங்க, பாத்துக்குங்க எல்லாரும்!"

புரொடியூசர் அன்றைக்கு முதல் தடவையாக வியர்த்தார். அவரே ஓடி வந்து சின்னப்பராஜின் வலது பக்கம் கையை ஆட்டிப் பார்த்தார். குப்புராஜிடமிருந்து ஒப்பந்தத்தை வாங்கி நாலாகக் கிழித்தார். "மங்கல்னுதானய்யா சொன்னே? குருடனை ஏத்தினா கம்பெனியையே மூடிடுவாங்க!"

சின்னப்பராஜ் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தான். மனைவி இறங்கி வந்ததும், "கெடுத்துட்டியே மேரி," என்றான். "எல்லாத்தையும் கெடுத்துட்டியே."

"கெடுத்தா கெட்டுப் போவட்டும்," என்று அவள் அவனுடைய தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பிச்சை எடுத்தாவது தின்னுக்கலாம். என்னைப் பாக்கறதுக்கு அந்த ஒரு கண்ணாவது இருக்கட்டும்."

சரி, முடிந்தது, கட்சிக்காரர் கேட்டதைச் செய்துவிட்டோம், ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். நான் இந்த டி.வி.க்காரர்களைப் புரிந்துகொண்ட லட்சணம் அவ்வளவுதான்.

"வெளிச்சம் அஞ்சு மணி வரைதான் இருக்கும்," என்று புரொடியூசர் சூரியனைப் பார்த்தார். "ராஜாமணி, ஆள் வேணும்."

ராஜாமணி கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தட்டினார். "டேய் மாயவா! வாடா இங்க. சட்டையைக் கழட்டு."

மாயவன் சிரித்துக்கொண்டே கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தான். கூட்டம் விசிலடித்தது. மண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அவன் பழக்கம். குப்புராஜ் அவனிடம் ஓடினார். "வேண்டாம்ப்பா. நீயே எடை போட்டே. அவன் எம்பத்திரெண்டு கிலோ!"

"கழிவு போக எழுபத்திரெண்டுதானுங்களே?" என்றான் மாயவன். "டி.வி.யில நெசமாலுமே வருவேனுங்களா? எம் பொண்டாட்டி நம்பவே மாட்டா."

"பொண்டாட்டி இருக்காங்கறியேடா, உனக்குச் சண்டை தெரியுமா?" என்றேன் நான். அதில் நக்கல் ஒன்றும் இல்லை.

"மூட்டை தூக்கற கைங்க. ஒண்ணு குடுத்தா போதும்."

அவன் கையில் கிளவுஸை யார் கட்டுவது என்று தெரியாமல் ஆளுக்கு ஆள் இழுத்தார்கள். சின்னப்பராஜ் எழுந்து வந்தான். மனைவி பிடித்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, மாயவன் முன்னால் மண்டியிட்டு, கிளவுஸின் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

"இங்க பாருப்பா. எம் பேச்சைக் கேளு. மொதக் குத்துல விழுந்துடு. விழுந்தா எந்திரிக்காத. யாரு என்ன கத்தினாலும் எந்திரிக்காத. பத்து எண்ணி முடிச்சா வூட்டுக்குப் போயிடலாம்."

"சரிண்ணா," என்றான் மாயவன். அப்போதும் சிரிப்புத்தான்.

மணி அடித்தது. கோலார்க்காரனின் இடது கை வந்த வேகம் எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. மாயவன் வலது கன்னம் பிய்ந்ததுபோல முகம் திரும்பி மல்லாந்து விழுந்தான். ரெஃப்ரி எண்ண ஆரம்பித்தார். சின்னப்பராஜ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "படுத்துக்க! படுத்துக்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

லாரிமேலிருந்து புரொடியூசர் ராஜாமணிக்குச் சைகை காட்டினார். ராஜாமணி எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். இரண்டாயிரம் பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

"மாயவா! எந்திரிடா மாயவா!"

ரெஃப்ரி ஏழு எண்ணியிருந்தார். மாயவன் கையை ஊன்றினான். ஒரு கண் அதற்குள் மூடிப்போயிருந்தது. தன் பேரைச் சொல்லிக் கத்துகிற ஊரைப் பார்த்து இன்னொரு முறை சிரித்துவிட்டு, எழுந்து நின்றான்.